எடுக்காத பொட்டலம்

வேலந்தாவளம்,
12-2-1931

ஜட்ஜ் மாப்பிள்ளைக்கு, மச்சான் நஞ்சப்பன் பிரியத்தோடும் நடுக்கத்தோடும் எழுதிக்கொண்டது.

சொல்ல வெட்கமாயிருக்கிறது. நேற்று ஒரு போலீஸ்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ஊர்ப் பஞ்சாயத்தில் முன்னால் உட்காருகிற நான், நெல் குதிருக்குள் இறங்கிவிட்டேன். இறங்கினது சுலபம், ஏறத்தான் தொந்தி விடவில்லை. உங்கள் அக்கா பெரியம்மாள்தான் அவருக்கு மோர் கொடுத்துப் பேசினாள். அவர் போனபின் குதிருக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, போயிட்டாங்க. வெளிய வர்றீங்களா, அடுத்த அறுப்பு வரைக்கும் அங்கயே இருக்கறீங்களா?" என்றாள்.

அவர் கேட்டது ஒன்றுதானாம்: சூசையப்பன் கேஸில் ஜட்ஜ் என்ன எழுதப்போகிறார்? கேட்கும்போது நம் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாராம். எனக்கு அதுதான் பயம்.

கூட்டத்தில் பேசியவனை விசாரணையில்லாமல் அடைக்கலாம் என்ற சட்டத்தை, சட்டசபை மெம்பராக இருந்தபோது எதிர்த்துப் பேசினீர்கள். அந்த வாயை மூடத்தான் ஜட்ஜ் வேலை கொடுத்தார்கள் என்று சந்தையில் பேச்சு. சூசையப்பனை அடைத்திருக்கும் அதே சட்டம் செல்லாது என்று இப்போது எழுதினால் விடுவார்களா?

நீங்கள் கேட்டபடி மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளை வந்தால் எழுதலாம், சிவப்பு வந்தால் கூடாது. அம்மன் முன்னால் வைத்த இரண்டு பொட்டலங்களில் பூசாரி எடுத்ததில் சிவப்பு அரளி. அம்மனே வேண்டாமென்றுவிட்டாள்.

நஞ்சப்பன்


ஜட்ஜ் பங்களா,
16-2-1931

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். பசைகூடச் சரியாகக் காயவில்லை. ஆகையால் சுருக்கமாக. பொட்டலங்களைக் கட்டியது யார்? எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? அதில் என்ன பூ?

அக்காவைத் தனியாகத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம்.

கருப்புசாமி


வேலந்தாவளம்,
19-2-1931

மாப்பிள்ளைக்கு,

வக்கீலாக இருந்தபோது இப்படித்தான் சாட்சிகளை அழவைப்பீர்கள் என்று கேள்வி. கட்டியது நான். எடுக்காததிலும் சிவப்புதான். வெள்ளை அரளியைக் கிள்ளக் கை போகவில்லை. உங்கள் கடிதத்தைப் பெரியம்மாளுக்குப் படித்துக் காட்டும்போது உளறிவிட்டேன். "சாமிகிட்டயே கள்ளச் சாட்சி வெச்சீங்களா?" என்று கேட்டதோடு சரி, பேச்சில்லை. சோறு மட்டும் போடுகிறாள், உப்பில்லாமல்.

இன்று காலையில் கன்றுக்குட்டி செத்துக் கிடந்தது. பாம்போ, வேறெதுவோ, தெரியவில்லை.

தீர்ப்பு எழுதாதீர்கள். காய்ச்சல் என்று லீவு போடுங்கள். இங்கே வந்துவிடுங்கள், குதிரில் இரண்டு பேர் நிற்கலாம், நான் பார்த்துவிட்டேன்.

நஞ்சப்பன்


ஜட்ஜ் பங்களா,
24-2-1931

மச்சான் அவர்களுக்கு,

நேற்றுத் தீர்ப்பை வாசித்தேன். சூசையப்பன் வெளியே வந்துவிட்டான். இன்று என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பங்களாவைக் காலி செய்ய வேண்டும். கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் நிற்கிறது, யாரும் இறங்கவில்லை. எங்கே போகிறேன் என்பதை இதில் எழுதமாட்டேன்.

உங்கள்மேல் கோபமில்லை. அக்காவிடம் உப்புப் போடச் சொல்லுங்கள். உங்கள் பொய்யால் எதுவும் கெட்டுவிடவில்லை. தீர்ப்பை எழுதி, கையெழுத்திட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டியது ஜனவரி கடைசியில். பூக் கேட்கச் சொல்லி உங்களுக்கு எழுதியது அதற்கு மறுநாள்.

கருப்புசாமி