கெட்டி ஸ்பிரிங்

புதன்கிழமை. காலையிலிருந்து மழை.

முழங்கால் ஆபரேஷன் முடிந்த அம்மாவை இன்று காரில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஏரித் தண்ணீருக்குப் பயந்து பீர்க்கன்கரணையில் எல்லோரையும் போல நாங்களும் வீட்டை உயர்த்திவிட்டதால் வாசல் ராம்ப் செங்குத்து. தெருவும் குறுகல், கோணலாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனாலும் கார் இத்தனை நாள் முனகிக்கொண்டாவது ஏறியது.

போன வாரம் அதைக் கெடுத்தவன் என் மனைவியின் தம்பி சாதிக். "இன்ஜின் முன் சக்கரத்தைத்தான் சுத்துது மச்சான். அங்க கெட்டி ஸ்பிரிங் போட்டாத்தான் டயர் தரையைக் கவ்வும்" என்று சொல்லி மாற்றவும் வைத்தான். பழசைக் காயலான் கடையில் போட்டுவிட்டான்.

இன்று பாதி ராம்பில் அந்தக் கெட்டி ஸ்பிரிங் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. கோணலாக ஏறியதில் ஒரு முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, இன்ஜின் இழுவையெல்லாம் அதிலேயே போய்ச் சும்மா சுற்றியது. கார் பின்னால் வழுக்கியது. அம்மா அலறினாள். எதிர்வீட்டு கேட்டுக்கு ஒரு முழம் முன்னால்தான் பிரேக் பிடித்தது.

"இன்னா மச்சான், ஆக்சிலேட்டரை இப்டியா மிதிப்பாங்க?" என்றபடி சாதிக் ஓடி வந்தான். அவனும் எதிர்வீட்டுக்காரரும் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிப் போனார்கள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பயந்து நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

காரைத் தெருவிலேயே விட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்துவிட்டு, நனைந்துகொண்டு உள்ளே போனேன். அம்மா சாதிக்கின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"அவங்கிட்டயாவது ஓட்டக் கத்துக்கோப்பா."