பாம்புக்கு வந்த பொம்பா

காஜா பேராங், மலாக்கா
9-8-1959

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம், அதாவது உன் அப்பாவுக்குச் சளி, எனக்கு வெட்கம், இரண்டும் குறைந்துகொண்டு வருகின்றன. அங்கே பினாங்கு ஆஸ்பத்திரியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன கடிதத்தில் தாதி உடுப்பு தொளதொளவென்று ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய், உடுப்பைப் பிடித்துத் தைக்காதே, சோற்றைக் கூட்டு. இங்கே நடந்ததை வேறு யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் எழுதினால் கூட்டி எழுதுவார்கள், அந்தக் கலையில் நான் எவ்வளவு தேர்ந்தவள் என்பது உனக்கே தெரியும்.

உன்னோடு ஏழாம் வகுப்பு வரை படித்த சந்திரமதி இப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுக்கிறாள். போன வருஷம் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை பற்றிக்கொண்டபோது கடைக்காரர் நாக்குக் குழறி, மலாயில் தீயைச் சொல்கிற ‘ஆப்பி, ஆப்பி’யைத் தவிர வேறு வார்த்தை வராமல் நின்றாராம், இவள் ஏன் எப்படி என்று கேட்காமல் உடனே தீயணைப்பு நிலையத்துக்கு லைன் போட்டுவிட்டாள், பக்கத்துக் கடைகள் மூன்றும் தப்பின. அப்போதுதான் மாணிக்கவாசகம் வாத்தியார், நம்ம வாசகர் சங்கத் தலைவர், வண்டியில வந்தவனுக்கு மாலை போடுறோம், வண்டிய அனுப்பினவ மூஞ்சிகூட நமக்குத் தெரியலியே என்று கேட்டு, ஆபத்துக்கு லைன் கொடுக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு வாரம் நன்றி வாரம் என்று தீர்மானம் போட்டார். இந்த வருஷம் முதல் மாலை சந்திரமதிக்கு என்று நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது. அதில் மண்ணை அள்ளிப் போட்டவள் உன் அம்மா.

போன மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்பங்கரையில் கரி மூட்டையை இழுத்தேன், பின்னாலிருந்து ஒரு பாம்பு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன், யாருக்குப் பயம் அதிகம் என்று சொல்ல முடியாது, ஓடினது நான். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய அதிர்ச்சியில் பக்கத்துக் கம்போங் செட்டியில் ஓடு சரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. முன்னால் இருக்கும் சிஹாபுதீன் நானா கடையில் புகுந்து, உன் அப்பாவை ஆபீசிலிருந்து கூப்பிடலாம் என்று டெலிபோனை எடுத்தேன். நம்பர் என்று ஒரு குரல் கேட்டது. நம்பர் எங்கே ஞாபகம் வரும், பாம்பு, பாம்பு, காஜா பேராங், சிஹாபுதீன் கடைக்குப் பின்னால் பாம்பு என்று அலறினேன். மலாயில் தீயணைப்புப் படைக்குப் பொம்பா என்று பெயர் என்பது எனக்குத் தெரியாததா, என்ன செய்ய, பாம்பைப் பார்த்தவளுக்குப் பாம்புதான் ஞாபகம், அந்தப் பக்கம் அது பொம்பா என்று கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வந்து நின்றது, ஆறு பேர் குழாயை இழுத்துக்கொண்டு என் அடுப்பங்கரைக்குள் நுழைந்து தீ எங்கே என்று கேட்டார்கள், நானும் பதற்றத்தில் அடுப்பில் என்று சொல்லிவிட்டேன். அடுப்பு, புளிக்குழம்பு, சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படம் எல்லாம் நனைந்தன. பாம்பு மணிச்சத்தம் கேட்டபோதே மரியாதையாகப் போய்விட்டது.

அதோடு விட்டேனா. பசாரில், கோயிலில், தையல்காரி வீட்டில், போன இடமெல்லாம் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெண்ணுக்குக் காது மந்தம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பெண் சந்திரமதி என்று எனக்குத் தெரியாது. என் கதை ஊரைச் சுற்றி அவளுடைய அதிகாரி காதுக்குப் போய்ச் சேர்ந்தது, வீணாக வண்டியை அனுப்பினாள் என்று அவளை லைன் பலகையிலிருந்து எழுப்பிவிட்டார்கள், புதன்கிழமை விசாரணை, வேலை போனாலும் போகும் என்று பேச்சு. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை ஏறுகிறது. சங்கத்திலும் மாலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடலாமா என்று முணுமுணுப்பு. சிஹாபுதீன் நானா என்னைப் பார்த்து, என்ன தங்கச்சி, பாம்பு உங்களக் கடிக்கல, நீங்க அந்தப் புள்ளயக் கடிச்சிட்டீங்களே என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, என்னைப் பற்றி இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்.

புதன்கிழமை உன் அப்பாவை இழுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கே போனேன். சந்திரமதி நிமிர்ந்து நின்று, பொம்பான்னு காதுல விழுந்தா நின்னு கேள்வி கேட்க மாட்டேன், நாளைக்கும் இப்படித்தான் லைன் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எனக்குத் தெரிந்த பசார் மலாயில், ஐயாவுக்குப் பதில் துவான் போட்டு, தப்பு என் வாயில் துவான், அவள் காதில் இல்லை என்றேன். அதிகாரி மலாய்க்காரர், நம்பவில்லை, அன்றைக்குச் சொன்னபடியே சொல்லிக் காட்டுங்கள் என்றார். கண்ணை மூடினேன், கரி மூட்டையை நினைத்தேன், அலறினேன். ஒரு கதவைத் திறந்துகொண்டு பியூன் அப்பாசாமி கம்போடு ஓடி வந்தார், இன்னொரு கதவு வழியாக மலாய் குமாஸ்தா மணல் வாளியோடு ஓடி வந்தார். அதிகாரி கம்பைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விசாரணைக் காகிதத்தை மடித்து வைத்தார். மறுநாளே அவளைப் பழைய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். காது மந்தம் என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், மந்தம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன், பாதிப் பேர் அது முன்னமே தெரியுமே என்றார்கள்.

இந்தத் திங்கட்கிழமை நன்றி வாரம் ஆரம்பித்தது, முதல் மாலை சந்திரமதிக்கே விழுந்தது. மேடையில் நாலு பேருக்கு முன்னால் நின்று நன்றி சொல்ல எனக்குக் கூச்சம், அதனால் நேற்றுக் காலை நானா கடையிலிருந்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன், அவள்தான் எடுத்தாள். சந்திரமதி, நான் கோகிலாம்மா பேசுறேன், என்ன மன்னிச்சிடும்மா, நீ செஞ்சது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆரம்பித்தேன், இரண்டு நாளாக மனப்பாடம் செய்த பேச்சு, மூன்றாவது வரிக்கு வரவில்லை, அதற்குள் அவள், கோகிலாம்மா, அவசரமா, அவசரம் இல்லன்னா லைன விடுங்க, வேற யாராச்சும் கூப்பிடுவாங்க என்றாள். விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் சொல்லி நான் உடனே பேச்சை நிறுத்தியது இதுதான் முதல் தடவை என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சகல சௌபாக்கியங்களோடும் நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. சந்திரமதிக்கு மறக்காமல் இரண்டு வரி எழுதிப் போடு, எக்ஸ்சேஞ்சுக்கு அல்ல, வீட்டு விலாசத்துக்கு.

இப்படிக்கு,
வாயை அடக்கப் பழகிக்கொண்டிருக்கும் உன் அம்மா
பாக்கியலட்சுமி