‘சரிங்க’ என்ற சொல்லை நம்பாதவருக்கு

மேடம்,

நேற்று ஒரு பூமி பூஜைக்குப் போய்வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய பழக்கத்தில் கூப்பிடுகிறார்கள். முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்புகிறார்கள். பிரசாதமாகக் கொடுத்த தேங்காய் மூடியை இன்று காலை என் மனைவி துருவ எடுத்தாள். கற்பூரப் புகை பிடித்து ஓரம் கறுத்திருந்த மூடி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் எதிரே வந்து நின்று, “அலோர்...” என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

அலோர். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் அதற்கு ‘அப்படியானால்’ என்று அர்த்தமாம். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ‘வேலையை நிறுத்து’ என்று அர்த்தம். ஏரிகளையும் வாய்க்கால்களையும் சீரமைக்க வெளியே கடன் வாங்கி நடந்த திட்டம் அது. நான் கட்டுமானம் பார்த்த இன்ஜினியர். நீங்கள் சமூகப் பாதுகாப்பு அலுவலர். அந்தப் பதவிப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? எந்த ஊருக்குப் போனாலும் முதியோர் பென்ஷன் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, ஆதார் அட்டையும் ரேஷன் கார்டுமாக உங்கள் ஸ்கூட்டரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். நீங்கள் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்வீர்கள். “நான் குடுக்க வரலம்மா. கவர்மெண்டுல நல்லது செய்ய வர்றாங்கல்ல, அதுல யாருக்கும் அடிபடாம பாத்துக்கறதுதான் என் வேல.”

உங்கள் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. ஆனால் அப்போது எனக்கு உங்களைக் கண்டாலே ஆகாது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே ஜீப். நான் கட்ட வந்தவன், நீங்கள் தடுக்க வந்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்த சில வழக்கங்கள் வேறு என் பொறுமையைச் சோதிக்கும். ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர் குடித்தால், அடுத்துக் காலனியிலும் ஒரு வீட்டில் கேட்டுக் குடித்தாக வேண்டும் உங்களுக்கு. ஜீப்பில் நான் ஹாரன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயும் அரைமணி பேசிவிட்டு வருவீர்கள்.

தவளக்குப்பத்திலிருந்து மேற்கே திரும்பிப் போனால் வரும் அந்த ஊரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் ஊருக்கு நடுவே போகிறது. கரை சரிந்து, புதர் மண்டி, கடைமடை நிலங்களுக்குத் தண்ணீரே எட்டாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் தண்ணீர் வீணாகாமல் கடைசி வயல் வரைக்கும் போகும். என் வரைபடம் நல்ல வரைபடம், மேடம். இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பூஜைக்கு எப்படியும் ஊர் கூடும். அதே பந்தலில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் முடித்துவிட்டால் இன்னொரு நாள் அலைய வேண்டாம். அந்த ஊரிலும் அப்படித்தான் செய்தோம். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கேசரி கொடுத்த கையோடு திட்ட இயக்குநர் மைக்கைப் பிடித்து, “இந்த வேலைல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா தாராளமா சொல்லலாம்” என்றார். ஊர்த்தெருக்காரர்கள் ஒரு பக்கம் நாற்காலியில், காலனிக்காரர்கள் ஒரு பக்கம் நின்றபடி. யாரும் வாய் திறக்கவில்லை. இயக்குநர் மறுபடி கேட்டார். “சரிங்க” என்று பின்னாலிருந்து சில குரல்கள் வந்தன. கைதட்டல். முடிந்தது.

திரும்பும்போது ஜீப்பில் நீங்கள் கேசரியைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். சுகர் ஏறிவிட்டதா என்று கிண்டல் செய்தேன். “ஒரு ஊரே சேந்து ஒண்ணுமே சொல்லலையே, மெஸ்யே. அதான் பயமா இருக்கு” என்றீர்கள். கோபம் வந்தால்தான் நான் உங்களுக்குப் பிரெஞ்சில் மெஸ்யே. மற்ற நேரத்தில் வெறும் சார்.

மறுநாள் தனியாக அந்த ஊருக்குப் போனீர்கள். நான் கிண்டல் செய்த உங்கள் கேள்விகளை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பீர்கள். தண்ணி எந்த வழியா வருது, மாடு எந்த வழியா போவுது, கடைசியா யாரு தவறிப்போனாங்க, அவங்கள எந்த வழியா எடுத்துக்கினு போனீங்க. கருமாதி விசாரிக்க வந்த ஆள் மாதிரி இதென்ன கேள்வி என்று எத்தனை முறை சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கேள்விதான் ஊரைப் பேச வைத்தது. காலனியில் ஏழுமலை என்று ஒருவர்; முதலியார்பேட்டையில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர். அவர்தான் உங்களுக்கு வாய்க்காலைக் காட்டினார். காலனிக்குப் பின்னால் இரண்டு கரையும் சரிந்து இறக்கமாக இருந்த ஓர் இடம். என் வரைபடத்தில் அது ‘சேதமடைந்த கரை’. அவர்களுக்கு அது சுடுகாட்டுக்குப் போகும் வழி. முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாடையைத் தோளில் வைத்தபடி எதிர்க்கரை ஏறிவிடுவார்கள்.

“ரெண்டு பக்கமும் செவுரு வச்சிட்டா எங்கம்மாவ எந்த வழியாங்க எடுத்துக்கினு போறது?” என்று ஏழுமலை உங்களிடம் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா முனியம்மா அப்போது மூச்சிரைப்பில் படுத்த படுக்கையாக இருந்தார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்களாம்.

அப்படியானால் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு ஏழுமலை சொன்ன பதிலை மறுநாள் அலுவலகத்தில் அவர் குரலிலேயே சொன்னீர்கள். “தேங்கா ஒடைச்சி கற்பூரம் காட்டுற எடத்துல சுடுகாட்டுப் பேச்ச எப்பிடிங்க எடுக்கறது? நல்ல காரியம் நடக்கறப்ப வாய வச்சிட்டான்னு காலத்துக்கும் சொல்ல மாட்டாங்களா?”

நாம் எல்லோருமே இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். பந்தலில் நின்ற ஒருவருக்காவது அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற உங்களுக்குத்தான் அந்த மௌனம் கனமாக இருந்தது.

நான் அன்று போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. மழைக்கு முன்னால் கான்கிரீட் முடியாவிட்டால் கடைமடைக்காரன் இன்னொரு போகத்தை இழப்பான். வருஷத்தில் ஏதோ ஒரு நாள், இரண்டு நாள் நடக்கிற விஷயத்துக்காக வேலையை நிறுத்துவதா என்று கத்தினேன். நீங்கள் குடையை மடக்கி மேசைமேல் வைத்தீர்கள். “அலோர், அந்த ஒரு நாளுக்குத் தேதிய அவங்களால மாத்த முடியாது, மெஸ்யே. உங்க கான்கிரீட்டுக்கு மாத்தலாம்” என்றீர்கள். உங்கள் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் ஒரு மூட்டை சிமெண்டுக்குக்கூடச் சம்மதிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், இயக்குநருக்கும் தெரியும்.

இயக்குநர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். ஊர்த்தெரு வழியாகச் சுற்றினால் ரோட்டுப் பாலம் இருக்கிறதே, அப்படிப் போகட்டுமே என்றார். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. “நாமளே ஒரு தடவ நடந்து பாத்துடலாம் சார்” என்றீர்கள். அவ்வளவுதான்.

இயக்குநர், நீங்கள், நான், வழி காட்ட ஏழுமலை. காலனியிலிருந்து கிளம்பும்போது ஏழுமலைதான் முன்னால் நடந்தார், தோளில் துண்டோடு, பேசிக்கொண்டே. ஊர்த்தெருவில் நுழைந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தி, “என்னா ஏழுமல, இந்தப் பக்கம்?” என்றார். மிரட்டல் ஒன்றும் இல்லை; சிரித்த முகமாகத்தான் கேட்டார். “சாருங்க கூட வந்தேங்க” என்றார் ஏழுமலை. அதன் பிறகு பார்த்தால் அவர் எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் கையில் இருந்ததைப் பார்த்தேன். இயக்குநரும் பார்த்தார்.

நீங்கள் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, மேடம். அலோர் கூடச் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பிரசங்கம் செய்திருப்பார்கள். ரோட்டுப் பாலம் வந்ததும் இயக்குநர் ஜீப்பில் ஏறினார். ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து, “அந்த எறக்கத்துல ஒரு சிறுபாலம் போட்டுடுங்க” என்றார்.

பாலம் என்றதும் நான் வழக்கமான அகலத்தைப் போட்டேன். அதற்கும் வந்தீர்கள். “தூக்கறவங்க ரெண்டு பக்கமும் நடக்கணும் சார். நடுவுல தோள் மாத்தணும். எங்க கோயில் சப்பரம் தூக்கறப்ப பாத்திருக்கேன், மாத்தறப்பதான் கால் எடறும்” என்றீர்கள். அகலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் பாடையைத் தூக்கச் சொன்னால் யார் தூக்குவார்கள்? நீங்கள் ஒரு மூங்கில் ஏணியைக் கொண்டுவரச் செய்து, அதன்மேல் வைக்கோல் கட்டை ஏற்றி, மேட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆட்களைத் தூக்கி நடக்கச் சொன்னீர்கள். “கல்யாணச் சீர் தூக்கற மாதிரி நடங்கப்பா” என்றீர்கள். தோள் மாற்றும்போது வைக்கோல் சரிந்து ஒருவர் தலையில் விழுந்தது. கரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் அவர்களாகவே போதும் என்றார்கள். அந்த அளவைத்தான் வரைபடத்தில் எழுதினேன். மழைக்கு முன்னால் சுவரும் முடிந்தது, பாலமும் முடிந்தது. அந்தப் போகம் கடைமடையிலும் நடவு நடந்தது.

முனியம்மா சாகவில்லை. ஆஸ்பத்திரி கைவிட்ட கிழவி கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாம் கடைசி ஆய்வுக்குப் போன அன்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கே வந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். நடுவில் உட்கார்ந்துகொண்டு, “அகலமாத்தாங் கட்டிக்கீறீங்க. என் பசங்களுக்குக் கால் எடறாது” என்றார். சொந்தக்காரர் கட்டிய புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வது போலத்தான் இருந்தது அந்தக் குரல். நீங்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். அன்றுதான் உங்களை நான் முழுதாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நான் பார்த்த அதிகாரிகளிலேயே பெரியவர் நீங்கள்.

நீங்கள் தவறிப்போன செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. முதலியார்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் பிரெஞ்சிலும் தமிழிலும் மெல்லப் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு யாரையும் தெரியவில்லை. ஒரு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன். அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலையும் காலனி ஆட்கள் சிலரும் இறங்கினார்கள். கடைசியாக, எல்லோரும் கை கொடுக்க, முனியம்மா இறங்கினார். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போவ வழி பண்ணிட்டு நீ முந்திக்கினியே தாயீ” என்றார்.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வண்டி நின்றது. ஏழுமலை உங்கள் தம்பியிடம் போய், தோள் கொடுக்கலாமா என்று கேட்டார். உங்கள் தம்பிக்கு அவர் யாரென்று தெரியாது; ஆனாலும் விலகி இடம் விட்டார். பெட்டியைத் தூக்கப் போகும் நேரத்தில் முனியம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“உள்ள வழி எப்பிடிக்கீதுன்னு பாத்தியா சார்?”

பார்த்திருக்கவில்லை. ஓடினேன். வாசலிலிருந்து உங்களுக்காகத் தோண்டியிருந்த இடம் வரைக்கும் நடந்தேன். ஒரு வளைவில் பூந்தொட்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன, நகர்த்தினேன். ஓரிடத்தில் படி ஒன்று பெயர்ந்து ஆடியது. அதற்கு அந்த நேரத்தில் நான் என்ன செய்ய முடியும்? அந்தப் படியின்மேல் நானே ஏறி நின்றுகொண்டேன். தூக்கி வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாருக்கும் கால் இடறவில்லை, மேடம்.