ராகு காலத்தில் திறந்த பெட்டி

அப்பா,

இன்று காலை தூத்துக்குடியிலிருந்து காலிக் கண்டெய்னர் பெட்டி வந்து இறங்கியது. டிரெய்லர் டிரைவர் கதவைத் திறந்ததும் ஈர மரக்கட்டை வாடை குப்பென்று அடித்தது. இதற்கு முன்னால் எந்த நாட்டு மரத்தையோ சுமந்து வந்திருக்கிறது. "மோந்து பாரு, முன்ன ஏத்துன சரக்கு தெரியும்" என்று சொல்லிவிட்டு, கண்டெய்னர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவீர்களே, அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. வந்த எரிச்சலில் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே ஏறினேன். கதவைச் சாத்தச் சொன்னேன்.

ஓட்டை பார்க்கிற வேலையை இப்போது நான்தான் செய்கிறேன். மிளகாய் வத்தல் ஏற்றுகிற பெட்டியில் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் போச்சு. கடலில் போகிற வழியில் ஒரு மழை இறங்கினால் மூட்டை மூட்டையாகப் பூஞ்சை பிடிக்கும். வாங்குகிறவன் கதவைத் திறந்த கையோடு மூடி, வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அதனால் ஏற்றுவதற்கு முன்பு ஓர் ஆள் உள்ளே நிற்க, வெளியே கதவைச் சாத்துவோம். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரை, பக்கம், மூலை எல்லாம் பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே ஓட்டை. உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. பார்த்து முடித்தவர் தட்டினால் வெளியே நிற்பவர் திறந்துவிட வேண்டும். ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கிற நேரத்து வேலை, அவ்வளவுதான்.

முதலாளியம்மா பெட்டிக்குள் ஏறலாமா என்று எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற லோடுமேன்களுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பழகிவிட்டார்கள். நான் ஒரே ஒரு தட்டுதான் தட்டுவேன். பக்கத்தில் யார் நின்றாலும் திறக்கலாம். சாத்துகிற கையும் திறக்கிற கையும் உங்கள் கையாகவே இருக்க வேண்டும் என்ற சட்டத்தை, நீங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

உங்களுக்குக் கைராசி என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதோ, நீங்களே சொல்லிச் சொல்லி ஊரைச் சொல்ல வைத்தீர்களோ, எனக்குத் தெரியாது. நேரம் பார்த்து நீங்கள் கதவைத் திறந்து, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் முதல் மூட்டை ஏறும். நீங்கள் திறக்காத பெட்டியில் வேறு எவனும் கை வைத்தால் சரக்கு கரை சேராது என்று லோடுமேன்களும் நம்பினார்கள். நம்பினார்களோ பயந்தார்களோ, இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான்.

உங்களுக்கு இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள். மூத்தவளான எனக்கு நீங்களே தேடிப் பிடித்த மாப்பிள்ளை. நான் இங்கே உங்கள் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, விருதுநகரிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தால் "மாப்பிள்ளைக்கு மின்விசிறியைத் திருப்பி வை, மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி நெய் விடு" என்று வாய் ஓயமாட்டீர்கள். அவர் குடோன் பக்கம் வந்தால் வத்தல் நெடி ஆகாது என்று ஏ.சி. அறையில் உட்கார வைப்பீர்கள். தங்கை செல்வி தானாகப் பார்த்துக்கொண்டவர் பாண்டி. நம் ஆட்கள் இல்லை, சொத்தும் இல்லை. கல்யாணம் முடித்துச் சில வருடம் வெளியூரில் கஷ்டப்பட்டு, கைப்பிள்ளையோடு திரும்பி வந்து உங்கள் வாசலில் நின்றார்கள். நீங்கள் விரட்டவில்லை. விரட்டியிருந்தால் பெரிய புண்ணியமாகப் போயிருக்கும்.

"குடோன்ல ஏதாவது பாக்கட்டும்" என்றீர்கள். செல்வி சந்தோஷத்தில் அழுதாள். மறுநாள் நீங்கள் அவருக்குக் கொடுத்த வேலை, பெட்டிக்குள் ஏறி ஓட்டை பார்ப்பது.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையை எழுந்து நின்று தண்ணீர் எடுத்துக் குடிக்கவே விடமாட்டார்கள். அவரைப் போய் வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினீர்கள். பாவமாகத்தான் இருந்தது, எல்லோருக்கும். நீங்கள் அதைத்தான் விரும்பினீர்கள். எல்லோரும் பார்க்க வேண்டும். ஒருநாளாவது அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டீர்களா? "இந்தாப்பா" என்பீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் "உள்ள போறவன்". அவர் தட்டினாலும் உடனே திறக்க மாட்டீர்கள். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்த்தான் திறப்பீர்கள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து அவர் "ஓட்டை இல்லைங்க மாமா" என்பார். நீங்கள் எலுமிச்சம்பழத்தை வாங்கக் கையை நீட்டுவீர்கள்.

அவர் ஏன் பொறுத்துக்கொண்டார் என்று நான் செல்வியைக் கேட்டிருக்கிறேன். "ஒருநாள் அப்பா கூப்பிட்டுருவாகன்னு சொல்றாருக்கா. ஒரே ஒரு தடவ மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாப் போதுமாம்" என்றாள். கேட்டதும் எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தைவிட அவர்கள் மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். இதுகளும் இப்படி ஆசைப்படுமா என்றிருந்தது.

அந்தப் புதன்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரை வெயில். நான் அருப்புக்கோட்டையில் பேங்க் வேலையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பி வந்தபோது லோடுமேன்கள் எல்லோரும் சாக்குகளைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களில் மூத்தவரான சங்கரலிங்கம் அண்ணன் என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"பெரியம்மா, உள்ள மாப்பிள்ளை இருக்காக. தட்டித் தட்டிப் பாத்தாக. இப்பத் தட்டக் காணோம்."

"திறக்கிறதுக்கென்ன?"

"மொதலாளிகிட்டப் போயிச் சொன்னேன். ராகு காலம் முடியட்டும்னுட்டாக."

மீதியையும் அவர்தான் சொன்னார். நீங்கள் பாண்டியை உள்ளே விட்டுச் சாத்திய கொஞ்ச நேரத்தில் மலேசியாப் பார்ட்டியின் ஆள் காரில் வந்திருக்கிறார். அவரை ஏ.சி. அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து இளநீர் வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். உள்ளே தட்டுகிறார் என்று சங்கரலிங்கம் அண்ணன் வந்து சொன்னபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ராகு காலம் பிறந்துவிட்டது, ஒன்றரைக்குத் திறந்துகொள்ளலாம் என்றிருக்கிறீர்கள். அவர் தயங்கி நிற்க, "நெழல்லதான நிக்கிறான், வெயில்லயா நிக்கிறான்" என்றும் சொன்னீர்களாம். வந்திருந்த ஆள் சிரித்தாராம்.

நான் ஓடினேன். கதவின் இரும்புத் தண்டு உள்ளங்கையைப் பொசுக்கியது. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். கதவோடு சாய்ந்து கிடந்தவர் அப்படியே வெளியே சரிந்து விழுந்தார். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றியிருந்தார். வேர்வைகூட நின்றுபோய்த் தோல் காய்ந்து சுட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. லோடுமேன்கள் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். சத்தம் கேட்டு நீங்கள் அறையிலிருந்து வெளியே வந்தீர்கள். கீழே கிடந்தவரைப் பார்த்தீர்கள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை:

"ராகு காலத்துல தெறந்துட்டியே, மூதேவி."

அவரை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து மதுரைக்கும் நான் கொண்டுபோனேன். நீங்கள் ஒன்றரை மணிக்கு அதே பெட்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினீர்கள். அவர் வேர்வை நனைத்த பெட்டிப் பலகை காய்வதற்குள் அதன்மேல் வத்தல் மூட்டை ஏறியது. சாயங்காலமே சீல் வைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டீர்கள். சரக்கு நல்லபடியாகக் கரை சேர்ந்தது. கைராசி கெடவில்லை.

பாண்டி பிழைத்தார். சிறுநீரகம் பாதி போய்விட்டது. வெயிலில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வலது கை எப்போதும் நடுங்கும். பாலவனத்தத்தில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து அவரை உட்காரவைத்துக் காப்பாற்ற, செல்வி தினமும் பஸ் ஏறி விருதுநகரில் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போனாள். நீங்கள் விருதுநகர் போகிறபோதெல்லாம் உங்கள் கார் பாலவனத்தம் வழியாகத்தானே போகும்? ஒருநாள்கூட நிறுத்தச் சொல்லவில்லை. டிரைவரிடம் நான் விசாரித்திருக்கிறேன். அந்த ஊர் வந்தால் பேப்பரை விரித்துக்கொள்வீர்களாம்.

பிறகு உங்களுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. படுக்கையில் வைத்து நான் ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். பாசத்தில் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அம்மா இல்லாத வீட்டில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். உங்கள் பேச்சு குழறும். பாதி புரியாது. இனி ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கஞ்சியை ஊட்டிக்கொண்டே கேட்டேன். செல்வியையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லட்டுமா அப்பா, ஒரு வார்த்தை கூப்பிட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு அது போதும் என்றேன். நான் உங்களிடம் கெஞ்சியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

நீங்கள் கஞ்சியை விழுங்கினீர்கள். வாயைத் துடைக்கிற வரை காத்திருந்தீர்கள். அன்றைக்கென்று நாக்கு குழறவே இல்லை.

"அன்னைக்குப் பெட்டியில ஓட்டை இருந்துச்சா இல்லையான்னு, உள்ள போனவன் இன்னும் சொல்லல."

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. இரண்டொரு நாளில் போய்விட்டீர்கள்.

செல்விக்கு நான்தான் போன் செய்தேன். அப்பா போய்விட்டார் என்றதும் அவள் அழவில்லை. "சரிக்கா" என்றாள். வருவாயா என்றேன். கடைக்குப் போக வேண்டும் என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியாக உன் வீட்டுக்காரரைத்தான் கேட்டார், "மாப்பிள்ளைய வரச் சொல்லு" என்று சொல்லித்தான் கண்ணை மூடினார் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அவள் போனைக் கீழே போட்டுவிட்டு "அப்பா, அப்பா" என்று கதறியது இங்கே எனக்குக் கேட்டது.

வந்தார்கள். புதுக்கோடி எடுத்துக்கொண்டு, மருமகன் முறைக்குச் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் பாண்டி செய்தார். வெயிலில் நிற்கக் கூடாதவர் சுடுகாடு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார். நடுங்குகிற கையால் உங்கள் பாடையின் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். இப்போது அவர்கள் வீட்டில் உங்கள் போட்டோவுக்குத்தான் முதல் பூ. தாத்தா சாகிற நேரத்தில் உங்கப்பாவைத்தான் தேடினார் என்று செல்வி பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கிறாள். நான் உங்களைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால் என்னிடம் சண்டைக்கு வருகிறாள். பெற்ற தகப்பனைப் பற்றி நாக்கூசாமல் பேசுகிறேனாம். நீங்கள் ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடாமல் நல்ல மனுஷனாகிவிட்டீர்கள், அப்பா. அந்தப் பொய்யை அவளுக்காகத்தான் சொன்னேன். ஆதாயம் உங்களுக்குப் போய்விட்டது.

கருமாதியன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பாண்டி கொல்லைப்புற நிழலில் என்னைத் தேடி வந்தார்.

"மதினி, ஆஸ்பத்திரியில வச்சு ஒண்ணு சொல்லிவிட்டேன்ல, அத மாமாகிட்டச் சொன்னீகளா?"

"சொன்னேன் தம்பி."

"அதுலதான் அவுக மனசு எறங்கியிருக்கும்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் சொல்லவில்லை. மதுரையில் கண் விழித்ததும் அவர் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து என்னைக் கிட்டே வரச் சொல்லி, வெடித்த உதட்டோடு, பெட்டி நன்றாக இருக்கிறது, எங்கேயும் வெளிச்சம் வரவில்லை, மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். உசிர் திரும்பி வந்ததும் உங்கள் வேலையைத்தான் முடித்துக் கொடுத்தார். அதைக் கேட்கிற யோக்கியதை உங்களுக்குக் கிடையாது என்று நான் வைத்துக்கொண்டேன். சாகக் கிடந்து நீங்களாகக் கேட்டபோதும் கொடுக்கவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் ஏறி, கதவு சாத்தப்பட்டு, இருட்டுக்குக் கண் பழகுகிற நேரத்தில் அது ஒவ்வொரு முறையும் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அவர் உங்களுக்குச் சொல்லி அனுப்பியதை நான் எத்தனை காலம் சுமப்பது?

ஓட்டை இல்லை, அப்பா. ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் காற்றாவது வந்திருக்கும்.