மூன்று ஓட்டல்கள், ஓர் ஒட்டகச்சிவிங்கி

எங்கள் வீட்டு வாலுவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் கதை கீழே வருகிறது. நீ படிக்கப் போன ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

‘வாலு’ என்பது உன் அப்பா உனக்கு வைத்த பெயர். இந்தக் கடிதத்துக்காக இரவல் வாங்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் நாம் இருவரும் ‘சாப்டியா’, ‘சாப்டேன்’ என்ற இடத்தைத் தாண்டிப் போனதே இல்லை. அதற்குள் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது பார்.

தீம் பார்க்குக்குப் போகலாம் என்று நீ சொன்ன அன்று இங்கே நடந்த கூத்தைக் கேள். போனை வைத்ததும் உன் அப்பா வாசலுக்குப் போய், தான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு வெளியூர் போகலாம் என்று உன்னைக் கூப்பிட்டபோதெல்லாம், ஒரு விடுமுறையில் உனக்குப் பரீட்சை, ஒன்றில் தோழியின் அக்காவுக்குக் கல்யாணம், இன்னொன்றில் காய்ச்சல். நான் குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு இன்னும் பெரிய காய்ச்சலாகவே வந்திருக்கும். ஆனால் இந்த முறை நீயாகவே கேட்டாய். “மூணு பேரும் போலாம்” என்றாயாம். அந்த ‘மூணு பேரும்’ உன் வாயிலிருந்து வந்ததா, அவர் சேர்த்துக்கொண்டதா என்று அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அதனால்தான், ஓட்டல் விஷயத்தில் ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். முதல் தடவையாக எங்களோடு வருகிறாய். அறை சரியில்லை, மனசு சரியில்லை என்று நீ இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டால் நான் என்ன செய்வேன்? என் ஆஸ்பத்திரியில் லீவு கேட்டபோது, “எங்கேயாவது சுத்திப் பாக்கவா?” என்று கேட்டார்கள். ஆமாம், ஓட்டல் ஓட்டலாகச் சுற்றிப் பார்க்க என்றேன்.

அந்தத் தீம் பார்க் ரிசார்ட்டில் மலிவான ஓட்டல்களும் உண்டு. அங்கே குளியலறைக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை நடக்க வேண்டும். உசத்தியான ஓட்டல்களில் கதவைத் திறந்துவிட நிற்கிறவர் போட்டிருந்த கோட்டு மாதிரி ஒன்று உன் அப்பாவிடம் இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று நடுவில் மூன்றைப் பிடித்தோம்.

முதலாவது, கப்பல் ஓட்டல். கட்டடமே கப்பல் மாதிரி. ஜன்னலெல்லாம் வட்டம், வேலைக்காரர்களெல்லாம் மாலுமி உடுப்பு. பூங்காவின் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. அது வசதி என்று நினைத்தோம். ரோலர் கோஸ்டர் எங்கள் ஜன்னலை ஒட்டித்தான் திரும்புகிறது என்பது பிறகு தெரிந்தது. நாள் முழுக்க, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, யாரையோ கொலை செய்கிற மாதிரி கூட்டமாக அலறல். அறையில் அடுக்குக் கட்டில். நீ மேலே படுக்க இடம் போதுமா என்று அளந்து பார்க்கிறேன் பேர்வழி என்று உன் அப்பா ஏறினார். இறங்கும்போது கடைசிப் படி அங்கே இல்லை. முழங்கால் கதை அவ்வளவுதான்.

அங்கே என்னால் ஒரு வினை நடந்தது. அவர் சொல்லி நீ கேட்டால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லுவார், நானே சொல்லிவிடுகிறேன். வார்டு சுத்தத்தைப் பார்த்துக்கொள்கிற வேலையில் ஊறிப்போனவள் நான். காலையில் எழுந்ததும் என் கை தன்பாட்டுக்குப் படுக்கையை உருவிவிட்டது. விரிப்புகளை மடித்து, துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி, வாசலில் வைத்து, வாஷ்பேசினைத் துடைத்து, எங்கள் பைகளையும் கதவோரமாக வரிசையாக அடுக்கிவிட்டுப் பூங்காவுக்குப் போய்விட்டோம். அந்தத் தளத்துப் பெண் வந்து பார்த்திருக்கிறாள். எந்த விருந்தாளி இப்படி வைப்பான்? காலி செய்துவிட்டார்கள், பையை மறந்துவிட்டார்கள் என்று கீழே சொல்லிவிட்டாள்.

நாங்கள் தண்ணீர்ச் சறுக்கில் தொப்பலாக நனைந்து திரும்பினால், சாவி அட்டையைப் போட்டால் கதவு திறக்கவில்லை. உன் அப்பா அரைக்கால் சட்டையும் தோளில் துண்டுமாக நின்று, “மெதுவா விடணும்மா, கிளட்ச் மாதிரி” என்று அட்டையைச் செருகிச் செருகி எடுத்தார். கதவு உள்ளேயிருந்து திறந்தது. எங்கள் கட்டிலில் யாரோ பெற்ற பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தன. ஒரு பொடிசு உன் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அம்மா, நீச்சல் மாமா வந்திருக்காரு” என்றது. எனக்கு வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கீழே, விட்டுச்சென்ற பொருட்கள் வைக்கிற அறையில், ஒற்றைச் செருப்புகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் எங்கள் பைகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மேலாளர் வேறு அறை கொடுத்தார். உன் அப்பா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். இனிமேல் எந்த ஓட்டலிலும் நான் படுக்கையைத் தொடக்கூடாதாம்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பழ ஓட்டல். ஒவ்வொரு தளமும் ஒரு பழத்தின் நிறம். எங்களுக்கு ஆரஞ்சு வாய்த்தது. புதுக் கட்டடம், நல்ல நீச்சல் குளம், சிரித்த முகமான ஆட்கள். தலையணைதான் அப்பளம். சுவர் அதைவிட மெல்லிசு. பக்கத்து அறைக்காரரின் குறட்டைக்கு உன் அப்பாவின் குறட்டை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. காலைச் சாப்பாட்டில் அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்ட பார்வையில் ஒரு பழைய சிநேகிதமே தெரிந்தது. பூங்காவுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது. உள்ளே நுழைந்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. தரையில் விரலை வைத்து இழுத்தேன், தூசி இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை. குழாயைத் திறந்த உடனே வெந்நீர். அறையில் ஒரு பெரிய கட்டில், ஜன்னலோரமாகத் தனிக் கட்டில் ஒன்று, நடுவில் இழுத்து மூடிக்கொள்ளத் திரை. நீ திரையை மூடிக்கொண்டால் உன் உலகம் உனக்கு. திறந்தால் நாங்கள். இதைவிட என்ன வேண்டும்? இதுதான், முடிந்தது என்று முன்பணம் கட்ட உன் அப்பாவைத் தேடிக் கீழே வந்தேன்.

அங்கே வரவேற்பறையில் மரத்தால் செய்த ஓர் ஒட்டகச்சிவிங்கி நிற்கிறது. உயரமாக, மஞ்சளாக. பிள்ளைகள் எந்த விளையாட்டில் ஏறலாம் என்று அளப்பதற்காக அதன் காலிலிருந்து கழுத்துவரை வண்ணக் கோடுகள். சிவப்புக் கோட்டைத் தொட்டால்தான் ரோலர் கோஸ்டர். உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் அப்பா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு. முன்னால் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் பாடம் நடத்துகிற அந்த மனிதர், நான் இறங்கி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் சொன்னார். “இங்கதான் வந்தோம். அப்ப வாலு இவ்வளவுதான் இருந்தா. அவங்கம்மா ஷூவுக்குள்ள டிஷ்யூ பேப்பரை மடிச்சு மடிச்சு வெச்சு உயரமாக்கிக் கூட்டிட்டுப் போனா. அங்க இருந்த ஆளு பாத்துட்டுச் சிரிச்சுட்டான். ஏத்தல. அடுத்த தடவை வரும்போது நாம ரெண்டு பேரும் ஏறலாம்டின்னு சொன்னா.”

அந்த அடுத்த தடவை வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உன் அம்மாவை நான் பார்த்ததில்லை. பேப்பர் மடித்து ஷூவுக்குள் வைத்த அந்தப் பெண்ணை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அங்கே ஓர் இரவு தங்கினோம். நன்றாகத் தூங்கினது நான் மட்டும்தான்.

வீடு திரும்பும் வழியில் உன் அப்பா, பழ ஓட்டலையே போட்டுவிடு, எதற்குப் புண்ணைக் கிளற வேண்டும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் வண்டி பழகுகிறவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தானே திருப்பிவிடுகிற ஆசாமி. நீ தீம் பார்க் என்று கேட்டாயே, கடற்கரை என்றோ மலை என்றோ கேட்கவில்லையே. அது சும்மா வாயில் வந்ததா, அந்த ஒட்டகச்சிவிங்கியை நினைத்துக் கேட்டாயா? எனக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து உனக்காக முடிவு செய்வது சரியில்லை என்று பட்டது. இரண்டு ஓட்டலிலும் சொல்லி வைத்திருக்கிறேன். எது என்று நீ சொல். எதைச் சொன்னாலும் காரணம் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். ‘மூணு பேரும்’ என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. ஆனாலும், ஒட்டகச்சிவிங்கி ஓட்டலுக்கு நீயும் அப்பாவும் மட்டும் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், தயங்காமல் சொல்லிவிடு. ஆஸ்பத்திரியில் எனக்கு எப்போதும் வேலை இருக்கிறது. உன் அப்பாவிடம் நானே ஏதாவது சொல்லிக்கொள்வேன். காய்ச்சல் என்றுகூடச் சொல்லலாம், அது எப்படி என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நான் வரலாம் என்றால், ஒரு விஷயம் யோசித்து வைத்திருக்கிறேன். அந்த ரோலர் கோஸ்டரில் உன் அப்பா ஏற மாட்டாராம். பிரேக் தன் காலடியில் இல்லாத வண்டி என்றாலே அவருக்கு ஆகாதாம். லிப்ட் இறங்கும்போதே அவர் வலது கால் தரையை அமுக்குவதை நீ பார்த்திருப்பாய். அதில் நீ தனியாக ஏறுவதுதான் சரி என்றால், நான் கீழே உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து சீட்டில் யாராவது இருந்தால் தேவலை என்றால், நான் வருகிறேன். அது உன் அம்மாவின் சீட்டு, எனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்துவிட்டால் அவராகிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயத்தில் உயிர் போகும், உன் காது கிழியக் கத்துவேன். இருந்தாலும் வருகிறேன்.

மழை தொடங்கிவிட்டது, குடையை மறக்காதே. இத்துடன் ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்றால் அறைக்குள் போட்டுக்கொள். அலமாரியில் உன் அம்மாவின் நீலக் கோப்பை அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது. போன தடவை நீ வந்தபோது அதைத் தேடின மாதிரி தெரிந்தது, அதனால் சொல்கிறேன்.

வீட்டில் உனக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாய். நான் திரும்பிப் பார்ப்பேன். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று உனக்குத் தெரியவில்லை, உன்னைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. செருமலே போதும் என்று இருந்துவிட்டேன், இன்னமும் எனக்கு அது போதும். ஆனால் அந்த ரோலர் கோஸ்டர் இரைச்சலில் செருமினால் காதில் விழாது, கண்ணு. ஏதாவது ஒன்று சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

நன்றாக இரு. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். வந்து சேர்.

இப்படிக்கு,

. . . . . . . . . .

(இந்த இடத்தை உனக்காக விட்டிருக்கிறேன். உனக்கு எது வாயில் வருகிறதோ அதை எழுதிக்கொள். இப்போதே எழுத வேண்டும் என்று அவசரமில்லை.)