பாப்பா வைத்த பூசணிப்பூ

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

இங்கே நாள் முழுக்க மைக்ராஸ்கோப்தான், கண் பூத்துப்போகிறது. என்றோ அழிந்த ஒரு செடியின் மகரந்தப் பை மட்டும் கல்லில் கிடைத்திருக்கிறது. அதன் இலை, விதை எதையும் யாரும் கண்டதில்லை.

நேற்று அந்தக் கல்லைக் கரைத்துப் போட்ட ஸ்லைடில் முள்முள்ளாய் ஒரு மகரந்தம். எங்கள் ஆய்வகப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இது பூசணிப்பூவாச்சே. எங்கேருந்து வந்துச்சு?” என்றார். பாப்பா கடிதத்தில் வைத்த பூவை முகர்ந்துவிட்டுக் கை கழுவாமல் போயிருக்கிறேன். மூன்று வார உழைப்பு பாழ். பயப்படாதே, வேலை போகவில்லை.

இனிப் பூ வைக்க வேண்டாம் என்று சொல், திட்டாதே. அவள் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து, துவைத்து அனுப்பு. என் நெஞ்சு வரை வருகிறாளா என்று பார்க்க வேண்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

பாப்பா அப்பா