அரை நொடி கழித்து ஏறும் குரல்

மச்சான்,

இன்று காலை என் மருமகள் பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டை ஊறவைத்திருந்தாள். குளியலறைக் கதவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்குக் கல்யாணவீடு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு நீ ஞாபகம் வந்தாய். யாரும் பார்க்காத நேரமாக ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு மறைத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

பூந்திக்கொட்டையில் பட்டு துவைப்பார்கள், நகை துலக்குவார்கள். அதில் ரெக்கார்டு கழுவிய மனிதன் நீ ஒருவன்தான். திருவிடந்தையில் உன் வீடு கடலுக்கு நாலு தென்னை தள்ளி. ஜன்னல் கம்பியே அந்த உப்புக்காற்றில் செதில் செதிலாக உதிரும். ரெக்கார்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை நான் செங்கல்பட்டிலிருந்து வந்து இறங்குவதற்குள் தண்ணீரைப் பழைய வேட்டியில் நாலு மடிப்பாக வடிகட்டித் தயாராக வைத்திருப்பாய். உன் பெண்சாதியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்; கழுவியதையெல்லாம் அவளுடைய தட்டு ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைப்போம். ஒருநாள் அவளுடைய அண்ணன்மார் விருந்துக்கு வந்துவிட்டார்கள். தட்டெல்லாம் தரையில் கிடக்க, ஸ்டாண்டு நிறைய ரெக்கார்டு. "வந்தவங்களுக்கு இன்னா, இந்தப் பாட்டுத் தட்டுலயா சோறு போடறது?" என்று உன் பெண்சாதி நம் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். நீ மெதுவாக என் காதில், "அதுலயும் நல்லாத்தான் இருக்கும் மச்சான், நடுவுல ரசத்துக்கு ஓட்டை கீது" என்றாய்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் அரசுப் பேருந்தில் நீ டிரைவர், நான் கண்டக்டர். பத்தொன்பது வருஷம் ஒரே வண்டி, ஒரே ஷிப்டு. உன் காதைப் பற்றி டிப்போவில் கதை கதையாகச் சொல்வார்கள். பின் சக்கரத்தில் காற்று குறைந்திருப்பதை மெக்கானிக் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே நீ சொல்லிவிடுவாய். நான் விசில் கொடுத்துவிட்டு, வண்டி நகர்ந்த பிறகுதான் படியில் தொற்றுவேன். அது என் கெட்ட பழக்கம். நீ கண்ணாடியைப் பார்க்கவே மாட்டாய். என் செருப்பு படியில் படும் சத்தம் கேட்ட பிறகுதான் இரண்டாவது கியர் விழும்.

அந்தக் காதுக்குத்தான் பிரேசில் அகப்பட்டது. சிற்பம் படிக்க மாமல்லபுரத்துக்கு வந்த ஒரு பிரேசில் நாட்டுப் பெண், திருக்கழுக்குன்றம் கோயில் தூண்களை வரைவதற்காகத் தினமும் நம் வண்டியில் வந்துபோனாள். ஊருக்குத் திரும்புகிற அன்று, பெட்டியில் இடமில்லை என்று துணியில் சுற்றிய இரண்டு ரெக்கார்டுகளை உன் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். ஒன்று ஜாஸ். இன்னொன்றைக் காட்டி, "எங்கள் கடற்கரைப் பாட்டு, போசா நோவா" என்று அவள் சொன்ன தமிழ் இன்னும் என் காதில் இருக்கிறது. போட்டுக் கேட்க உன்னிடம் பெட்டிகூட இல்லை. கேசட்டுக்கு மாறிவிட்ட ஒரு மைக்செட்காரரிடம் போய்ப் பழைய பிளேயரை வாங்கிவந்தாய்.

முதல்முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா மச்சான் இது, பாடுறானா தூங்கறானா?" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "நாள் முச்சூடும் ஹாரன் சத்தம் கேட்டுகினு கீறோம். இவன் பாரு, பக்கத்து சீட்டுல ஒக்காந்து பேசற மாதிரி பாடறான். கத்தவே இல்ல." அந்த ஒரு வாக்கியத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

பிறகு நம் வார விடுமுறைகளுக்கெல்லாம் அதுதான் வேலை. ஈசிஆர் ரோட்டில் பங்களாக்கள் காலியாகும்போது, பழைய ரெக்கார்டு கிடைக்குமா என்று போய் நிற்போம். பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடைகளில் மண்டியிட்டுத் தேடுவோம். மொழி தெரியாது, ஆள் தெரியாது. நீ முள்ளை வைத்து நாலு வரி கேட்டுவிட்டு, "இவன் அந்தக் கித்தார்க்காரன்தான், கட்டை விரலு கம்பியில விழறதப் பாரு" என்பாய். அட்டையைத் திருப்பினால் அவனேதான். எனக்கு மயிர்க்கூச்செறியும். படிக்காதவன் என்று உன்னை நீயே சொல்லிக்கொள்வாய். கட்டை விரலை வைத்து மனிதனை அடையாளம் காணும் படிப்பு எந்தக் காலேஜில் இருக்கிறது?

இப்போது அச்சரப்பாக்கத்துக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் நகராது.

அங்கே ஒரு காயலான் கடையில், வெள்ளத்தில் ஊறிய சாமான்களுக்கு நடுவே அட்டையில்லாத ஒரு ரெக்கார்டு கிடைத்தது. ஒரே சேறு; லேபிளில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. "வூட்டுக்குப் போய்க் கழுவிட்டுப் படிக்கலாம்" என்றாய். வீட்டுக்கு வந்ததும் நீ மீன் வாங்கப் போனாய். நான் ஆர்வக்கோளாறில் அதை அப்படியே பேசின் தண்ணீருக்குள் முக்கி வைத்துவிட்டேன். நீ திரும்பி வந்தபோது லேபிள் நீலக் கூழாகத் தண்ணீரில் மிதந்தது. பாடியவர் யார், பாட்டு எது, எல்லாம் அந்தக் கூழோடு போயிற்று. நீ மீன் பையை வைத்துவிட்டு ரெக்கார்டைத் துடைத்தாய், போட்டாய்.

கித்தார் மட்டும் கொஞ்சம் நடந்தது. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், தாளம் போய்விட்டதோ என்று நினைக்கும்போது மெல்ல வந்து சேர்ந்தது. நீ துள்ளி எழுந்தாய். "மச்சான்! உன்ன மாதிரியே ஏர்றாடா! விசில் குட்த்துட்டு, வண்டி நகந்தப்புறம், அரை நொடி கழிச்சு!" அந்தப் பக்கத்தை நாலு தடவை கேட்டோம். மீன் கெட்டுப்போய்த் தங்கச்சியிடம் திட்டு வாங்கியது தனி.

நான் மன்னிப்புக் கேட்டபோது நீ சொன்னது இதுதான்: "பேரு போனா இன்னா, ஆளு கீறாளே. காதாலயே கண்டுபுடிக்கிறேன் பாரு." ரெக்கார்டின் உள்விளிம்பில் கீறிய எண் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அதைக் கைபேசியில் போட்டால் ஜாதகமே வரும் என்று சொல்லிப் பார்த்தேன். நீ அடியோடு மறுத்தாய். "நம்பரு போட்டு லாரியத் தேடு. மனுசியத் தேடாத." அவளைத் தேடித்தான் மூன்று அலமாரி நிறைந்தது. ஒவ்வொரு ரெக்கார்டையும் இவள்தானோ என்று வாங்கினாய். இவளில்லை என்று தெரிந்தாலும் அவரவருக்கு உரிய மரியாதையோடு முழுதும் கேட்டாய்.

ஒருத்தியைத் தவிர. அட்டையில் நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஓர் அம்மாள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். குரல் கரகரவென்று இருக்கும். 'சளிப்பிடிச்சம்மா' என்று பெயர் வைத்தாய். புது முள் மாட்டினால் நல்ல ரெக்கார்டில் சோதிக்கப் பயந்து, அந்த அம்மாளைத்தான் பலியிடுவாய். முதல் பாட்டில் பாதி. முள் சரியாக இருக்கிறதா, எடு, உள்ளே வை. பன்னிரண்டு வருஷம் அப்படியே.

என் குற்றம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு நீ கடைக்குப் போன சமயம் அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மருமகளைத் தேடச் சொன்னேன். அவள் சொன்ன பெயரையும் எண்ணுக்குக் கீழே எழுதினேன். பெயரைப் படித்துப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த எழுத்துகள். மறுவாரம் உன் அலமாரியில் தேடினேன். சளிப்பிடிச்சம்மாவின் அட்டையில் கொட்டை எழுத்தில் அதே பெயர். முப்பது வருஷ இடைவெளியில் பாடிய ஒரே பெண்.

எப்படியடா சொல்வேன்? உன் காதுதான் உன் கௌரவம். நீ தேடிய மனுஷி உன் வீட்டிலேயே இருக்கிறாள், அவள் தலையில்தான் நீ முள் குத்திக்கொண்டிருக்கிறாய் என்று எந்த வாயால் சொல்வது? டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டை மாறும்போது அதுவும் மாறும். ஆறு வருஷம். இடையில், "அந்தம்மாவை இன்னிக்கு முழுசா கேப்பமே" என்று இரண்டு மூன்று தடவை சாடை காட்டிப் பார்த்தேன். "ஏன், உனக்கு சளி புடிக்கணுமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாய்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. வைத்தியத்தில் குரல் உடைந்து கரகரத்தது. அதிலும் உனக்குக் கேலி: "சளிப்பிடிச்சம்மாவுக்கு ஜோடி ஆயிட்டேன்டா." நான் சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். டாக்டர் தங்கச்சியிடம் கைவிரித்திருந்தார். பெயரைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் உன்னை அனுப்பவும் மனமில்லை. சொன்னால் நீ தோற்றுப்போவாய். சொல்லாவிட்டால் அவள் யாரென்றே தெரியாமல் போய்ச்சேருவாய்.

அன்று மழை விட்டிருந்தது. நீ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் உன்னைக் கேட்காமலே அந்த அம்மாளை எடுத்துப் போட்டேன். முதல் பாட்டை விட்டுவிட்டு, முள் படாத மூன்றாவது பாட்டில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

"டேய், நிறுத்து" என்றாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். "மறுபடி வெய்யி."

வைத்தேன். கித்தார் நடந்தது. உன் விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது, நின்றது. "விசில் குட்த்தாச்சு..." என்றாய், காற்றாகப் போன அந்தக் குரலில். "வண்டி நகந்திட்ச்சு..." கரகரத்த குரல் மெல்ல வந்து சேர்ந்தது. நீ என் பக்கம் திரும்பினாய். "ஏறிட்டா. அவதான்டா இது. கெழவி ஆயிட்டா, ஆனா ஏர்ற எடம் மாறல."

மச்சான், எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். உன் முகத்தில் அன்று பார்த்ததை எங்கேயும் பார்த்ததில்லை. அட்டையும் இல்லாமல், எண்ணும் இல்லாமல், முப்பது வருஷ மூப்பையும் கரகரப்பையும் தாண்டி, ஓர் அரை நொடியை வைத்து அவளைப் பிடித்துவிட்டாய். அந்த அரை நொடி உனக்கு எங்கே பழக்கமாயிற்று என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கணம் நீ அழுதாய். "பன்னெண்டு வருஷமா அந்தம்மா தலையில முள்ளக் குத்திகினு இருந்தனேடா." முதல் பாட்டைப் போடச் சொன்னாய். கீறலும் பொரிதலுமாக, பாதி வார்த்தை காணாமல் போன அந்தப் பாட்டை, கும்பிட்ட கையை எடுக்காமல் முழுதும் கேட்டாய்.

அப்புறம்தான் நான் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். திருப்பிப் பார்த்தாய். "எத்தினி வருஷமா வெச்சினுக்கிற?"

"ஆறு."

"அட நாயே!" சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்து, தங்கச்சி பயந்து தண்ணீரோடு ஓடிவந்தாள். மூச்சு நிதானப்பட்டதும், "நல்ல வேள, சொல்லாம இருந்த" என்று சொல்லி டிக்கெட்டை என் பையிலேயே திணித்தாய். "நீயே வெச்சுக்க. செக்கிங் வந்தா காட்டணும்ல." அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

அலமாரிகளை உன் மகள் பார்த்துக்கொள்கிறாள். ரெக்கார்டுக்கென்று தனியாகத் தட்டு ஸ்டாண்டு வாங்கிவிட்டாள், கெட்டிக்காரி. லேபிள் இல்லாத பெண்ணையும் அந்த அம்மாளையும் மட்டும் தங்கச்சி என் கையில் கொடுத்தாள். "ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்ணா" என்றாள். என் அறையில் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

இன்று சொம்பில் மொண்டது அந்த அம்மாளுக்காக. வேட்டித்துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். பேசினில் முக்கவில்லை, அந்தப் புத்தி வந்துவிட்டது. உள்ளங்கையை லேபிளின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் படாமல், சுற்றிச் சுற்றித் துடைத்தேன். காய்ந்ததும் மூன்றாவது பாட்டைப் போட்டேன். கித்தார் நடந்தது. அவள் வருவதற்கு முந்திய அந்த அரை நொடியில் என் வலது கை தானாக எழுந்து பஸ் படிக் கம்பியைத் தேடியது. அவள் ஏறிவிட்டாள். இரண்டாவது கியர் விழும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

டிக்கெட் பையில்தான் இருக்கிறது, மச்சான். செக்கிங் வந்தால் காட்டுகிறேன்.